காருக்கு செராமிக் கோட்டிங்: கொடுக்கிற காசு எங்கே போகிறது?

புதுக் கார் எடுக்கும்போது இன்சூரன்ஸ், எக்ஸ்டெண்டட் வாரண்டி, சீட் கவர், மேட் என்று பட்டியல் நீண்டுகொண்டே போகும். அதன் அடியில் ஒரு வரி இருக்கும்: செராமிக் கோட்டிங். சின்ன காருக்குச் சுமார் 15,000 ரூபாயில் தொடங்கி, எஸ்யூவி என்றால் 40,000 வரைக்கும், சில இடங்களில் அதற்கு மேலும் கேட்கிறார்கள். பத்து லட்சம் போட்டு வண்டி எடுக்கிறோம், இதற்குப் போய்க் கணக்குப் பார்ப்பதா என்று பலர் சரி என்று சொல்லிவிடுகிறார்கள். ஆனால் பல வீடுகளில் அது ஒரு மாதச் சம்பளம். அந்தப் பணம் எதைத் தரும், எதைத் தராது என்று தெரிந்துகொண்டு கொடுப்பது நல்லது.

என் கணிப்பை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தெருவில் நிறுத்தி, போர்வெல் தண்ணீரில் கழுவி, தினமும் ஒருவர் ஈரத்துணி போட்டுத் துடைக்கிற காருக்கு இந்தச் செலவு வேண்டாம். சென்னையிலும் மற்ற பெரிய ஊர்களிலும் பெரும்பாலான கார்கள் இப்படித்தான் இருக்கின்றன. செராமிக் கோட்டிங் போலியான சரக்கு என்பதற்காக இதைச் சொல்லவில்லை. அது செய்கிற வேலை ஒன்று, நம் கார்களைக் கெடுக்கிற விஷயம் வேறொன்று.

காரின் தகட்டின் மேல் நாம் பெயிண்ட் என்று சொல்வது நான்கு அடுக்குகள். துருப்பிடிக்காமலிருக்க மின்சாரம் பாய்ச்சிப் படியவைக்கும் முதல் பூச்சு, அதன் மேல் பிரைமர், அதன் மேல் நிறம், எல்லாவற்றுக்கும் மேலே நிறமே இல்லாத கிளியர் கோட். நான்கும் சேர்ந்து பொதுவாக 100 முதல் 150 மைக்ரான். தலைமுடி ஒன்றின் தடிமன் 70 மைக்ரான் வாக்கில் இருக்கும் என்பதை வைத்துப் பார்த்தால் மொத்த பெயிண்டும் இரண்டு முடி அளவுதான். அதில் கிளியர் கோட்டின் பங்கு சுமார் 40 மைக்ரான். பளபளப்பு இருப்பது அதில்தான், வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் வேதிப்பொருள் கலந்திருப்பதும் அதில்தான். வெயிலில் நாம் பார்க்கிற சிலந்தி வலை மாதிரியான மெல்லிய கீறல்களில் பெரும்பாலானவை இந்த அடுக்கோடு நின்றுவிடுகிற கீறல்கள். பாலிஷ் போடுவது என்றால் இதைக் கொஞ்சம் தேய்த்து எடுத்து, கீறலின் அடிமட்டத்துக்கு மேற்பரப்பைக் கொண்டுவருவது. ஒவ்வொரு முறையும் சில மைக்ரான் போகும். போனது திரும்ப வராது.

இந்தக் கிளியர் கோட்டின் மேல் பூசுவதுதான் செராமிக் கோட்டிங். சிலிக்கான் சார்ந்த சேர்மங்களை ஒரு கரைப்பானில் கலந்து சின்னக் கண்ணாடிக் குப்பியில் தருகிறார்கள். 30 முதல் 50 மில்லி இருந்தால் ஒரு முழுக் காருக்குப் போதும். பூசியதும் கரைப்பான் ஆவியாகிப் போகும். மிச்சம் இருப்பது காற்றிலுள்ள ஈரத்தோடு வினைபுரிந்து, ஒன்றோடொன்று பின்னிக்கொண்டு, கண்ணாடியின் வேதியியலுக்கு நெருக்கமான ஒரு படலமாக இறுகும். அதன் தடிமன் ஒன்று அல்லது இரண்டு மைக்ரான். மெழுகு சில வாரங்களில் கரைந்து போகிறது, சீலன்ட் எனப்படும் செயற்கைப் பூச்சு சில மாதங்களில் போகிறது. இது அப்படிப் போகாது. ஷாம்பூவில் கரையாது, வெயிலில் உருகாது. ஒழுங்காகப் பார்த்துக்கொண்டால் இரண்டு மூன்று வருடம் உருப்படியாக வேலை செய்யும்.

என்ன வேலை? தண்ணீர் ஒட்டாது. நல்ல கோட்டிங்கின் மேல் நீர்த்துளி 100 டிகிரிக்கும் மேலான கோணத்தில் உருண்டு நிற்கும், வண்டி ஓடும்போது ஓடிப் போய்விடும். சேறும் தூசியும் முன்பு போல இறுகப் பிடிக்காது, தண்ணீரைப் பீய்ச்சினாலே பாதி போய்விடும். பறவை எச்சத்தில் இருக்கிற யூரிக் அமிலம் கிளியர் கோட்டைத் தொடுவதற்குக் கொஞ்சம் நேரம் கூடுதலாகும். நிறம் ஆழமாகத் தெரியும். இவை எல்லாம் உண்மையான பலன்கள். நன்றாகச் செய்த ஒரு கறுப்புக் காரைக் கழுவிப் பார்த்தவர்களுக்கு இதைச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை.

பிரச்சினை, கூடவே சேர்த்து விற்கப்படுகிற வாக்குறுதிகளில் இருக்கிறது. அதில் முதலாவது, 9ஹெச் கடினம். பல கடைகளில் இதை வைரத்துக்கு அடுத்த கடினம் என்கிற தொனியில் சொல்கிறார்கள். வைரத்துக்கு 10 என்று மதிப்பெண் போடுவது மோஸ் அளவுகோல். 9ஹெச் என்பதற்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. இது பென்சில் அளவுகோல். 6பி தொடங்கி 9ஹெச் வரையிலான பென்சில்களை ஒவ்வொன்றாக 45 டிகிரி சாய்வில், 750 கிராம் எடையோடு பூச்சின் மேல் தள்ளிப் பார்ப்பார்கள். எந்தப் பென்சில் வரைக்கும் கீறாமல் தாங்குகிறதோ, அது அந்தப் பூச்சின் கடினம். பென்சில் முனை என்பது கிராஃபைட்டும் களிமண்ணும். சாலைத் தூசியில் இருப்பது குவார்ட்ஸ் மணல், அது மோஸ் அளவில் 7. பென்சிலைத் தாங்கிய படலம் மணலைத் தாங்கும் என்று சொல்ல முடியாது. அதோடு ஒன்றிரண்டு மைக்ரான் படலம் எவ்வளவு கடினமாக இருந்தாலும், அதன் அடியில் மெத்தென்ற கிளியர் கோட் இருக்கும்வரை அழுத்தினால் இரண்டும் சேர்ந்தேதான் கீறும்.

நெடுஞ்சாலையில் முன்னால் போகிற லாரியிலிருந்து தெறிக்கிற கல்லுக்கு இது எந்த விதத்திலும் பதில் ஆகாது. அதற்குப் பிபிஎஃப் எனப்படும் பாலியூரிதேன் ஃபிலிம்தான் வேண்டும். அது 150 முதல் 200 மைக்ரான், அதாவது முழு பெயிண்டையும் விடத் தடிமன். விலையும் அதற்கேற்ப லட்சத்தைத் தொடும். பம்பருக்கும் பானட்டின் முன்பகுதிக்கும் மட்டும் ஒட்டிக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள். அடிக்கடி திருச்சி, மதுரை என்று ஓடுகிற வண்டிக்கு அந்தச் செலவில் ஒரு நியாயம் இருக்கிறது.

இனி நம் ஊர் விஷயத்துக்கு வருவோம்.

தண்ணீரிலிருந்து தொடங்கலாம். குடிநீருக்கான இந்தியத் தரமான ஐஎஸ் 10500, ஒரு லிட்டரில் கரைந்திருக்கும் உப்புகள் 500 மில்லிகிராம் வரை ஏற்கலாம் என்கிறது; வேறு வழி இல்லாத இடத்தில் 2,000 வரை விடுகிறது. சென்னையின் கடலோரப் பகுதிகளில் போர்வெல் தண்ணீர் 1,000-ஐத் தாண்டுவது சாதாரணம். காரைக் கழுவிய பிறகு அதன் மேல் அரை லிட்டர் தண்ணீர் துளித்துளியாக நிற்கிறது என்று வையுங்கள். தண்ணீரின் டிடிஎஸ், அதாவது லிட்டருக்கு எத்தனை மில்லிகிராம் உப்பு கரைந்திருக்கிறது என்ற அளவு, 1,500 என்றால், காய்ந்ததும் முக்கால் கிராம் உப்பு காரின் மேலேயே தங்கிவிடும். சாதாரண பெயிண்டில் தண்ணீர் பரவி நிற்பதால் அந்த உப்பு மெல்லிய படலமாகக் காயும். கோட்டிங் போட்ட காரில் தண்ணீர் முத்து முத்தாக நிற்கிறது. ஒவ்வொரு முத்தும் தன் உப்பு முழுவதையும் ஒரு சின்ன வட்டத்துக்குள் விட்டுவிட்டுக் காய்கிறது. வீடியோவில் அவ்வளவு அழகாகத் தெரிகிற அந்த உருளும் துளிதான், கழுவிவிட்டுத் துடைக்காமல் வெயிலில் விட்டால் வெள்ளை வட்டமாகப் படிகிறது. சித்திரை வெயிலில் கை வைக்க முடியாத சூட்டில் இருக்கிற பானட்டில் இது நடக்கச் சில நிமிடம் போதும்.

அந்த வட்டத்தை அன்றே கவனித்தால், தண்ணீர் கலந்த வினிகரில் துணியை நனைத்து ஒற்றி எடுத்து உடனே அலசிவிட்டால், சுண்ணாம்புப் படிவு பெரும்பாலும் கரைந்துவிடும். வாரக்கணக்கில் விட்டால் அடையாளம் பெயிண்டுக்குள்ளேயே இறங்கிவிடும், பிறகு பாலிஷ்தான். பாலிஷ் போட்டால் அந்த இடத்தில் கோட்டிங்கும் போய்விடும். ஆறே மாதத்தில் கோட்டிங் செத்துவிட்டது, தண்ணீர் உருளவே இல்லை என்று வருகிற புகார்களில் பலவற்றுக்குக் காரணமும் இந்த உப்புதான். கோட்டிங் அடியில் அப்படியே இருக்கும், அதன் மேல் உப்பும் அழுக்கும் மூடியிருக்கும். லேசான அமிலத் தன்மையுள்ள ஷாம்பூவால் ஒருமுறை கழுவினால் பல வண்டிகளில் பழைய வழுக்கல் திரும்பிவிடும்.

இதில் ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆர்ஓ மெஷினிலிருந்து வெளியேறும் தண்ணீரை வீணாக்கக் கூடாது என்று வாளியில் பிடித்து அதில் காரைக் கழுவுகிற வழக்கம் பல வீடுகளில் இருக்கிறது. நல்ல எண்ணம்தான். ஆனால் மெஷின் பிரித்து வெளியே தள்ளுகிற உப்பு முழுவதும் அந்தத் தண்ணீரில்தான் இருக்கிறது. குழாயில் வருகிற தண்ணீரை விட அது கடினமானது. அதை வாசல் தெளிக்கவோ கழிப்பறைக்கோ பயன்படுத்துங்கள், காருக்கு வேண்டாம். ஏசியிலிருந்து சொட்டுகிற தண்ணீர் இதற்கு நேர் எதிர். அது காற்றிலிருந்து குளிர்ந்து வருகிற தண்ணீர், அதில் உப்பு கிட்டத்தட்ட இல்லை. ஒரு வாளி சேர்த்து வைத்து, கழுவி முடித்த காரின் மேல் கடைசியாக அதை ஊற்றினால் வெள்ளை வட்டம் வெகுவாகக் குறையும். காசில்லாமல் கிடைக்கிற பாதுகாப்பு இது.

தண்ணீரை விடப் பெரிய சேதம் துணியால் வருகிறது. அபார்ட்மென்ட்டில் காலை ஐந்தரைக்குக் கார் துடைக்க வருகிறவரைக் கவனித்திருப்பீர்கள். ஒரு வாளி தண்ணீர், ஒரு பழைய பனியன் துணி. முதல் காரின் கண்ணாடி, கூரை, பானட், கதவு, கடைசியில் சக்கரத்தின் மேல் வளைவு. துணியை வாளியில் முக்கிப் பிழிந்து அடுத்த கார். ஐந்தாவது காருக்கு வரும்போது வாளியின் அடியில் ஒரு விரல் கனத்துக்கு வண்டல் நிற்கும், துணியை முக்கும்போதெல்லாம் அது கலங்கி மேலே வரும். அந்தத் துணியை உலர்ந்த தூசி படிந்த பானட்டில் வட்டம் வட்டமாகத் தேய்க்கும்போது மணல் கிளியர் கோட்டை அரைக்கிறது. வருடத்துக்கு 300 முறைக்கு மேல் இது நடக்கிறது. உலகத்தில் எந்தக் குப்பியில் வருகிற திரவமும் இதைத் தாங்காது. ஒரே வருடத்தில் அந்த ஒன்றிரண்டு மைக்ரான் முழுக்கக் கீறலாகிவிடும்.

இதில் அந்த மனிதரைக் குறை சொல்ல ஒன்றுமில்லை. ஒரு காருக்கு மாதம் சில நூறு ரூபாய் கொடுத்துவிட்டு, எட்டு மணிக்குள் இருபது கார் முடிக்கச் சொல்கிறோம். அவர் கேட்டதைச் செய்கிறார். நாம் கேட்பதை மாற்ற வேண்டும். தினமும் துடைக்க வேண்டாம், கண்ணாடிகளை மட்டும் துடையுங்கள், வாரம் ஒருமுறை முதலில் தண்ணீரை நன்றாக ஊற்றி மண்ணை இறக்கிவிட்டு ஷாம்பூ போட்டுக் கழுவுங்கள் என்று சொல்லி, நாலு நல்ல மைக்ரோஃபைபர் துணியும் தனியாக ஒரு வாளியும் வாங்கிக் கொடுத்து, அதே சம்பளத்தைக் கொடுத்தால் போதும். இதற்கு ஆகிற செலவு 1,000 ரூபாய்க்குள். பெயிண்டைக் காப்பதில் இதற்கு இணையான செலவு வேறு எதுவும் இல்லை என்பது என் உறுதியான எண்ணம். கோட்டிங் போட்டவரும் இதைச் செய்தே ஆக வேண்டும்.

புதுக் காரில் இன்னொன்று. டெலிவரி அன்று பூஜை போட்டு பானட்டில் சந்தனமும் குங்குமமும் வைக்கிறோம். தாராளமாக வையுங்கள். வீட்டுக்கு வந்ததும், காய்ந்துபோன அதை உலர்ந்த துணியால் உரசி எடுக்காதீர்கள். தண்ணீர் ஊற்றி ஊறவிட்டுக் கழுவுங்கள். மஞ்சள் என்றால் வெள்ளைக் காரில் கறை நிற்கும், அதை அன்றே கழுவிவிடுவது நல்லது.

மரங்கள் பற்றியும் சொல்ல வேண்டும், ஏனென்றால் நிழல் தேடி அவற்றின் அடியில்தான் நிறுத்துகிறோம். தூங்குமூஞ்சி மரத்தடியில் பிசுபிசுப்பாகச் சொட்டும், நாவல் மரத்தடியில் பழக்கறை, வாதாம் மரம் என்றால் இரவில் வௌவால். கோட்டிங் இருந்தால் இவற்றைக் கழுவுவது எளிது. ஆனால் எச்சம் விழுந்து அரை நாள் வெயிலில் காய்ந்தால் கோட்டிங் இருந்தும் தடம் விழும். சூட்டில் கிளியர் கோட் இளகி விரியும், மேலே எச்சம் இறுகிக் காயும், மாலையில் பெயிண்ட் சுருங்கும்போது அந்த வடிவத்திலேயே பள்ளம் நின்றுவிடும். கோட்டிங் போட்டாச்சு, மெதுவாகக் கழுவலாம் என்று விடுவதுதான் தவறு.

சரி, 30,000 ரூபாய் எங்கே போகிறது? குப்பிக்குள் இருப்பது அதில் சின்னப் பங்கு. மீதி உழைப்பு. முறையாகச் செய்கிற கடையில் முதலில் கழுவி, பிரேக்கிலிருந்து பறந்து ஒட்டிய இரும்புத் துகள்களை ஒரு திரவம் தெளித்துக் கரைப்பார்கள். ஊதா நிறத்தில் அது வழிந்து இறங்குவதைப் பார்க்கலாம். பிறகு களிமண் போன்ற ஒரு கட்டியால் மேற்பரப்பை நீவி, ஒட்டியிருக்கும் சொரசொரப்பை எடுப்பார்கள். மீட்டரை வைத்து ஒவ்வொரு பகுதியிலும் பெயிண்ட் தடிமன் பார்ப்பார்கள். அதற்கு அப்புறம் மெஷின் பாலிஷ், ஒரு கதவுக்கே அரை மணி ஒரு மணி என்று போகும். பாலிஷின் எண்ணெய் துளிகூட இல்லாமல் ஆல்கஹால் கலந்த திரவத்தால் துடைத்த பிறகுதான் குப்பியைத் திறப்பார்கள். இரண்டு அடிக்கு இரண்டு அடி பூசி, மேலே எண்ணெய் மிதக்கிற மாதிரி வானவில் நிறம் ஓடும்வரை காத்திருந்து, அந்த நேரம் பார்த்துத் துடைக்க வேண்டும். முந்தினால் கோட்டிங் துணியோடு வந்துவிடும். பிந்தினால் திட்டுத் திட்டாக இறுகிவிடும், அதை மறுபடி பாலிஷ் போட்டுத்தான் எடுக்க முடியும். இவ்வளவையும் செய்ய ஆளுக்கு இரண்டு நாளாவது வேண்டும்.

காலையில் விட்டு மாலையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்று யாராவது 6,000 ரூபாய்க்குச் சொன்னால், பாலிஷ் நடக்கவில்லை என்றோ, கீறலை எண்ணெய்ப் பசையால் நிரப்பி மறைத்துவிட்டார்கள் என்றோ எடுத்துக்கொள்ளலாம். நாலு முறை கழுவினால் கீறல் திரும்பத் தெரியும். கோட்டிங் கீறலை மறைக்காது, அதை அப்படியே அடியில் வைத்துப் பூட்டும். செராமிக் போட்டதும் கார் புதுசு மாதிரி ஆகிவிட்டது என்று சொல்கிறவர்கள் பார்ப்பது பெரும்பாலும் பாலிஷின் வேலையைத்தான். அதனால் ஐந்து வருடப் பழைய காருக்கு என் யோசனை, நல்ல பாலிஷ் மட்டும் போட்டுக்கொண்டு மூன்று நான்கு மாதத்துக்கு ஒருமுறை ஸ்ப்ரே சீலன்ட் அடித்துக்கொள்வது. செலவு பாதிக்கும் கீழே, கண்ணுக்குத் தெரிகிற பலன் ஏறக்குறைய அதேதான்.

ஷோரூமில் போடுவதா, வெளியே தனிக் கடையில் போடுவதா என்றால் பெரும்பாலும் வெளியே. டெலிவரி அவசரத்தில் இரண்டு நாள் வேலைக்கு ஷோரூமில் இடமில்லை. அங்கே பல காலமாக விற்றுவந்த டெஃப்ளான் கோட்டிங்கை நினைத்துப் பாருங்கள். டெஃப்ளான் உருகுவதே 327 டிகிரியில். தோசைக்கல்லில் ஒட்டவைக்க அவ்வளவு சூடு வேண்டியிருக்கிறது, கார் பெயிண்ட் அந்தச் சூட்டைத் தாங்காது. கையால் தேய்த்து விட்டதில் டெஃப்ளான் எப்படித் தங்கும்? இப்போது கிராஃபீன் என்ற பெயர் வந்திருக்கிறது. அடிப்படை அதே சிலிக்கான் வேதியியல்தான், அதில் கொஞ்சம் கிராஃபீன் சேர்த்ததாகச் சொல்கிறார்கள். அதற்காகக் கூடுதலாகப் பத்தாயிரம் கொடுக்கும் அளவுக்கு எந்த வித்தியாசமும் எனக்குப் படவில்லை. ஐந்து அடுக்கு, ஏழு அடுக்கு என்பதும் அப்படியே. முதல் ஒன்றிரண்டு அடுக்குக்குப் பிறகு சேர்வது மிகக் குறைவு.

வாரண்டி அட்டையில் ஐந்து வருடம் என்று இருந்தால் பின்பக்கத்தைத் திருப்பிப் படியுங்கள். கீறல், கல் தெறிப்பு, பறவை எச்சம், தண்ணீர்த் தடம் இவை எல்லாம் விலக்கு என்று இருப்பதுதான் வழக்கம். வருடத்துக்கு ஒன்றிரண்டு முறை அதே கடைக்கு வந்து காசு கொடுத்துப் பராமரிப்பு செய்ய வேண்டும், ஒன்றைத் தவறவிட்டாலும் வாரண்டி போய்விடும் என்ற நிபந்தனையும் இருக்கும். அந்தப் பராமரிப்புச் செலவையும் கூட்டித்தான் மொத்த விலையைப் பார்க்க வேண்டும். விற்கும்போது பணம் திரும்ப வரும் என்பதையும் நம்ப வேண்டாம். பழைய கார் வாங்குகிறவர் வருடம், கிலோமீட்டர், எத்தனை ஓனர், அடிபட்டதா என்றுதான் கேட்பார். பெயிண்ட் பளிச்சென்று இருந்தால் பேரம் சீக்கிரம் முடியலாம், அவ்வளவுதான். விபத்தில் ஒரு கதவை மாற்றி பெயிண்ட் அடித்தால் அந்தக் கதவில் கோட்டிங் இருக்காது. அதைத் திரும்பப் போடும் செலவு பொதுவாக நம் தலையில்தான் விழும். பட்டறையில் அடித்த புது பெயிண்ட் முழுக்க இறுக சில வாரம் ஆகும், அதுவரை அதன் மேல் கோட்டிங் போடவும் கூடாது.

அப்படியானால் யாருக்கு இது பொருந்தும்? கறுப்பு, அடர் நீலம், சிவப்பு என்று அடர் நிறக் கார், கூரையுள்ள பார்க்கிங், காரைத் தானே கழுவுகிற ஆர்வம், ஏழெட்டு வருடமாவது வைத்திருக்கும் எண்ணம். இந்த நான்கும் இருந்தால் தயங்க வேண்டாம், ஒவ்வொரு வாரமும் கழுவும்போது அந்த வித்தியாசம் கையில் தெரியும், பாலிஷ் போடுவதைப் பல வருடம் தள்ளிப்போடலாம். இதில் இரண்டு இல்லையென்றால் நான் வேண்டாம் என்றே சொல்வேன். வெள்ளைக் காரில் மெல்லிய கீறல் கண்ணுக்குத் தெரிவதே குறைவு. ஆபீஸ் போய்வரும் வெள்ளை ஹேட்ச்பேக்குக்கு 20,000 ரூபாய் கோட்டிங் வீண் செலவு. அதே பணத்தை நல்ல டயருக்கு ஒதுக்கலாம். பொறுமையும் நிழலான இடமும் இருக்கிறவர்கள் சில ஆயிரம் ரூபாய்க்குக் குப்பி வாங்கித் தாங்களே பூசிக்கொள்வதும் உண்டு. புதுக் காராக இருந்தால் அது நடக்கக்கூடிய காரியம்.

போடுவதென்று முடிவு செய்தால், பெயிண்ட் மீட்டர் வைத்திருக்கிறார்களா, பாலிஷ் எத்தனை கட்டம், எந்தக் கோட்டிங், குப்பியை நம் எதிரில் திறப்பார்களா என்று கேளுங்கள். பாலிஷ் முடிந்து கோட்டிங் போடுவதற்கு முன்னால் நேரில் போய், ஃபோன் டார்ச்சைப் பானட்டுக்குப் பக்கத்தில் பிடித்துப் பாருங்கள்; கீறல் வலை தெரிந்தால் அப்போதே சொல்லலாம், அப்புறம் சொல்லிப் பயனில்லை. பூசிய பிறகு முதல் ஒரு நாள் தண்ணீர் படக் கூடாது, ஒரு வாரத்துக்கு ஷாம்பூ கூடாது. ஐப்பசி, கார்த்திகை மழையில் வேலைக்கு விட்டால், இறுகும்வரை கார் கடைக்குள்ளேயே நிற்க இடம் இருக்கிறதா என்று உறுதி செய்துகொண்டு விடுங்கள். இல்லையென்றால் தை மாதத்துக்குத் தேதி வாங்கிக்கொள்ளுங்கள்.